பழைய நிரலின் தலைக்குறிப்புகளைச் சுருக்கலாமா? பதிப்புரிமை வரிகள் குறித்து ஒரு விவாதம்

கோட்டையூரார் எழுதியது:

அவையோருக்கு வணக்கம். நம் பக்கத்து வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கும் பழைய வரவு செலவு ஏடுகளைப் படிப்பவர்களுக்கு உதவும் நிரல் நூலகத்தை உங்களில் பலர் அறிவீர்கள். முந்திரி, காணி, மா, மாகாணி என்று குறியிட்ட பின்னங்களை இன்றைய எண்களாக மாற்றுவதும், ௰௨ என்று பழைய முறையில் எழுதிய தொகையை 12 என்று படித்துக் காட்டுவதும் அதன் வேலை. ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் அது வெளியாகி வருகிறது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்திருக்கிறது. நிரல் ஓரளவு சீராகவே இருக்கிறது. சிக்கலெல்லாம் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கும் பதிப்புரிமைக் குறிப்புகளில்தான்.

முதன்மைக் கோப்பைத் திறந்தால், முதல் வரியில் 2003 என்ற ஆண்டும் திட்டத்தைத் தொடங்கியவரின் பெயரும் இருக்கின்றன. அவர் காலமாகிவிட்டார். பெயர், யூனிகோடுக்கு முன் தமிழுக்குப் பயன்பட்ட டிஸ்கி குறியாக்கத்தில் எழுதப்பட்டதால் இன்றைய திரையில் அது மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டமாகத் தெரிகிறது. அடுத்த வரியில் 2008 என்ற ஆண்டுடன் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பெயர். அங்கே பணிபுரிந்த நம் ஊர்க்காரர் ஒருவர் அப்போது சேர்த்த பகுதிக்காக அது வந்திருக்கிறது. அதன் கீழ் எம்.ஐ.டி. என்ற தாராளமான திறந்த மூல உரிமத்தின் முழு வாசகம். சொற்களைத் துண்டாக்கும் பகுதி அந்த உரிமத்தில் உள்ள வேறொரு திட்டத்திலிருந்து எடுத்தது. கடைசியில் நம்முடைய ஜி.பி.எல். அறிவிப்பு. இது போதாதென்று, ஆண்டுதோறும் ஜனவரியில் இயங்கும் சிறுநிரல் ஒன்று எல்லா வரிகளின் முடிவாண்டையும் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது. திட்டத்தை விட்டு எப்போதோ விலகியவர்களின் பெயருக்கு எதிரிலும் சென்ற ஆண்டு நிற்கிறது.

இவை அனைத்தையும் எடுத்துவிட்டு, "பதிப்புரிமை: திட்ட ஆசிரியர்கள்" என்ற ஒரே வரியை எல்லாக் கோப்புகளிலும் வைத்துவிடலாம், யார் எதை எழுதினார் என்பதை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாறு சொல்லிக்கொள்ளும் என்று ஒரு முன்மொழிவு வந்துள்ளது. எனக்கு அதில் முழு மனம் இல்லை. ஆனால் மறுப்பதற்கு உரிய காரணங்களையும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அறிந்தவர்கள் கூறுங்கள்.

பள்ளத்தூர் இளையவர் எழுதியது:

முன்மொழிந்தவன் நான்தான். என் தரப்பையும் வைத்துவிடுகிறேன்.

பதிப்புரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, ஒரு படைப்புக்குப் பதிப்புரிமை கிடைக்க எந்த அறிவிப்பும் தேவையில்லை. அறிவிப்பை வற்புறுத்திவந்த அமெரிக்காவும் 1989 மார்ச் 1 முதல் அந்த வற்புறுத்தலைக் கைவிட்டது. இந்தியாவில் பதிவோ வட்டத்துக்குள் இட்ட குறியோ இல்லாமலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அப்படியிருக்க, நாற்பது வரிகளைக் கடந்தால்தான் நிரலின் முதல் வரியைப் பார்க்க முடியும் என்ற நிலையை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்? குரோமியம், குபர்நெட்டீஸ் போன்ற பெரிய திறந்த மூலத் திட்டங்களே "ஆசிரியர்கள்" என்ற பொதுச் சொல்லைப் பயன்படுத்துகின்றன. இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பர்க் 2023-இல் தம் கோப்புகளிலிருந்து ஆண்டுகளையே நீக்கிவிட்டார். அவர்களுக்குப் பொருந்துவது நமக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

தேவகோட்டையார் எழுதியது:

தம்பி சொன்ன செய்திகள் சரி. அவற்றிலிருந்து வந்தடைந்த முடிவுதான் சரியில்லை. அறிவிப்பு இல்லாமலும் உரிமை உண்டு என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் அறிவிப்பை வேறொருவர் எடுக்கலாம் என்பது அதிலிருந்து கிடைப்பதில்லை. கர்ல் திட்டம் ஆண்டை நீக்கியது. எவருடைய பெயரையும் நீக்கவில்லை. குபர்நெட்டீசில் அந்தப் பொதுச் சொல் வெளிப்படையாகவே இருக்கிறது. பங்களிப்பவர்கள் அதை அறிந்தே உள்ளே வருகிறார்கள். நம் திட்டத்தில் 2003-இல் ஒருவர் தம் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

கிட் வரலாறு எல்லாவற்றையும் சொல்லும் என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இந்த நூலகம் முதலில் அழுத்திய கோப்புகளாக மின்னஞ்சலில் சுற்றியது. பிறகு சப்வெர்ஷன் என்ற பழைய பதிவுக் கருவிக்கு வந்தது. அதன் பிறகே கிட்டுக்கு மாறியது. கிட்டில் முதல் பதிவைத் திறந்து பாருங்கள். தொடங்கியவர், நிறுவனத்தில் இருந்தவர், அவ்வப்போது திருத்தியவர்கள் என எல்லோருடைய வரிகளும் மாற்றிக் கொடுத்த ஒரே நபரின் பெயரில், ஒரே நாளில் எழுதப்பட்டதாகத்தான் அது காட்டும். அந்தக் காலத்துக்கு நம்மிடம் உள்ள ஒரே சான்று கோப்பின் தலைக்குறிப்பு. அதை அழித்துவிட்டு வரலாற்றைப் பார் என்றால், வரலாறு பொய் சொல்லும்.

பிந்தைய காலத்துக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. இடைவெளிகளைச் சீராக்கும் கருவியை ஒருமுறை எல்லாக் கோப்புகளிலும் ஓட்டினால், வரிக்கு வரி யார் எழுதினார் என்று காட்டும் பிளேம் கட்டளை, கருவியை ஓட்டியவரையே ஆசிரியராகக் காட்டும். இத்தகைய பதிவுகளைத் தவிர்த்துப் பார்க்கும் வசதி 2019-இல் வந்த கிட் 2.23-இலிருந்துதான் இருக்கிறது, அதற்கும் தவிர்க்க வேண்டிய பதிவுகளின் பட்டியலை யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட எளிய உண்மை ஒன்று உண்டு. நம் நூலகத்தைப் பயன்படுத்தும் பலர் கிட் களஞ்சியத்தைப் படியெடுப்பதே இல்லை. ஜிப் கோப்பாக இறக்குகிறார்கள், அல்லது தமக்கு வேண்டிய ஒரு கோப்பை மட்டும் எடுத்துத் தம் நிரலுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். வரலாறு அவர்களுடன் போவதில்லை. கோப்பின் தலையில் இருப்பது மட்டுமே போகும்.

குறிப்பை எடுத்ததால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஜேக்கப்சன் – கேட்சர் வழக்கைச் சொல்வது என் வழக்கம். பொம்மை ரயில்களைக் கணினியால் இயக்கும் ஜே.எம்.ஆர்.ஐ. என்ற திறந்த மூலத் திட்டத்தின் விவரக் கோப்புகளை ஒரு நிறுவனம் தன் விற்பனை மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. ஆசிரியர் பெயர்கள், பதிப்புரிமைக் குறிப்பு, உரிமக் கோப்பைச் சுட்டும் வரி, எங்கிருந்து எடுத்தது என்ற தகவல், என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற விளக்கம் ஆகிய எதுவும் அந்தப் படியில் இல்லை. இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன இழப்பு என்பது போல் கீழ்நீதிமன்றத்தில் போன வழக்கு, 2008 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சிச் சுற்று முறையீட்டு நீதிமன்றத்தில் திரும்பியது. இத்தகைய நிபந்தனைகளை மீறுவது வெறும் ஒப்பந்த மீறல் அன்று, பதிப்புரிமை மீறலாகவே கொள்ளத்தக்கது என்று அந்நீதிமன்றம் கூறியது. காசு வாங்காமல் எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் கூலி அந்தப் பெயர் வரிதான் என்பதை நீதிமன்றமே ஒத்துக்கொண்டதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

கானாடுகாத்தான் வழக்கறிஞர் எழுதியது:

தேவகோட்டை அண்ணன் சொன்னதற்கு இந்தியச் சட்டத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். இது பொதுவான விளக்கமே தவிர, உங்கள் திட்டத்துக்கான சட்டக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைக்கிறது. ஆகவே கவிதைக்கும் கதைக்கும் உள்ள காலம் நிரலுக்கும் உண்டு: ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகளும். தொடங்கியவர் காலமாகிவிட்டார் என்பதால் அவருடைய வரி காலாவதி ஆகிவிடாது. உரிமை வாரிசுகளிடம் போயிருக்கும். அவர் ஜி.பி.எல்.லின் கீழ் வழங்கிய அனுமதி தொடர்வதால் நூலகத்தைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் உரிமத்தையே மாற்ற நினைத்தால் அந்த வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். 57-ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. பொருளாதார உரிமையை விற்றுவிட்ட பிறகும், படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியரை விட்டு நீங்காது.

நிறுவனத்தின் பெயருள்ள வரியைப் பற்றி. 17-ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர் அந்த வேலையின் போக்கில் உருவாக்கியதற்கு, மாறான உடன்பாடு இல்லாத நிலையில், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். நம் ஊர்க்காரர் அதை இரவில் வீட்டில் அமர்ந்து எழுதினாரா, அலுவலக வேலையாகவே எழுதினாரா என்பது நமக்குத் தெரியாது. நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கிறது என்றால், அப்போது யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். அவர் இன்று அங்கே இல்லை என்பதற்காக அந்த வரியை எடுக்க நமக்கு உரிமை வந்துவிடாது. அந்த நிறுவனம் எழுத்தில் சொன்னால் எடுக்கலாம்.

"எல்லா உரிமையையும் திட்டத்துக்கே கொடுத்துவிட்டேன்" என்று பங்களிப்பாளர்கள் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. 19-ஆம் பிரிவு உரிமை மாற்றத்துக்குக் கையொப்பமிட்ட ஆவணம் கேட்கிறது. அதில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். உலகம் முழுவதும் இறக்கப்படும் நிரலுக்கு இப்படி ஒரு மாற்றம் எந்த அளவுக்கு உதவும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மேலும் பதிவு பெறாத ஒரு திட்டம் சட்டத்தின் முன் ஆளே இல்லை. அதன் பெயரில் சொத்து வைக்க முடியாது. "திட்ட ஆசிரியர்கள்" என்று எழுதினாலும் உரிமை அந்தப் பெயரின் பின்னால் நிற்கும் தனித்தனி ஆட்களிடம்தான் இருக்கும்.

கடைசியாக, 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவு. உரிமை நிர்வாகத் தகவலைத் தெரிந்தே, அதிகாரமில்லாமல் நீக்குவதையும் மாற்றுவதையும் அது இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றமாக்குகிறது. கோப்பின் தலையில் உள்ள ஆசிரியர் பெயர் அந்த வரையறைக்குள் அடங்கும் என்று வாதிட இடமிருக்கிறது. தலைக்குறிப்பைச் சுருக்கியதற்காக எவரும் சிறைக்குப் போகப் போவதில்லை; ஆயினும் அது நம் விருப்பத்துக்கு விட்ட அலங்காரம் அன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

கண்டனூர் ஆச்சி எழுதியது:

வழக்கறிஞர் தம்பி விரிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு இது விலாசம் எழுதுவதைப் போலத் தோன்றுகிறது. எங்கள் வீடுகளில் பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகள் முன்னே நிற்கத் தன் பெயர் பின்னே வரும். மகன் தலையெடுத்துவிட்டான் என்பதற்காகப் பாட்டனார் எழுத்தை யாரும் வெட்டுவதில்லை. கோப்பிலும் பழைய வரிகள் இருந்த இடத்தில் இருக்கட்டும்; புதியவர் தம் வரியைக் கீழே சேர்த்துக்கொள்ளட்டும்.

அந்த டிஸ்கி வரியைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னொன்றும் இருக்கிறது. நான் அந்தக் காலத்துக் கோப்புகள் பலவற்றை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தொடங்கியவரின் பெயர் "சொ" என்ற எழுத்தில் தொடங்குவது. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு சகரம், பிறகு கால். யூனிகோடில் சகரம் முதலில் வந்து, ஒகரக் குறி ஒன்றாக அதன் பின்னே வர வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் அவசர நிரலில் போட்டால் கொம்பு தனியே ஒரு புள்ளி வட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெயர் முன்பைவிடக் கெட்டுப்போகும். இருந்த எழுத்துகளையே இன்றைய குறியாக்கத்தில் சரியாக எழுதுவது குறிப்பைத் திருத்துவதாகாது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதைத் தனிப் பதிவாகச் செய்து, எந்தக் குறியாக்கத்திலிருந்து மாற்றினோம் என்பதைப் பதிவுக் குறிப்பில் எழுதுங்கள். மாற்றியதும் அந்தக் குடும்பத்தாரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தலைப்பெழுத்துகளில் தவறு வந்தால் அவர்களுக்குத்தான் உடனே தெரியும்.

தேவகோட்டையார் எழுதியது:

ஆச்சியின் உவமை வரிசைக்குப் பொருந்தும், தகுதிக்குப் பொருந்தாது. விலாசத்தில் எழுத்துச் சேரப் பிறந்தாலே போதும். கோப்பில் பெயர் சேர எழுதியிருக்க வேண்டும். ஒரு சொல்லில் ஒற்றுப் பிழையைத் திருத்திவிட்டு அடுத்த வரியில் தம் பெயரைப் பதிப்புரிமையாளராகச் சேர்க்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதையும் நிறுத்த வேண்டும்.

2007-இல் நடந்ததை இங்கே நினைவூட்டலாம். ஓப்பன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத் திட்டத்தைச் சேர்ந்த ராய்க் ஃப்ளோட்டர், கம்பியில்லா வலை அட்டைகளுக்காகத் தாராளமான உரிமத்தில் எழுதிய இயக்கி நிரலை லினக்சுக்குக் கொண்டுவந்தபோது, அவருடைய உரிம வாசகத்தை எடுத்துவிட்டு ஜி.பி.எல். மட்டும் இருக்கும்படியான ஒட்டுகள் (நிரல் திருத்தங்கள்) அனுப்பப்பட்டன. இரு தரப்பிலும் பெருஞ்சண்டை எழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஜி.பி.எல். திட்டத்துக்குள் வந்த தாராள உரிமக் கோப்பில், மூல ஆசிரியரின் பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். புதிதாக எழுதியவர், பதிப்புரிமைக்கு உரிய அளவுக்குப் படைப்பு செய்திருந்தால் மட்டுமே தம் வரியைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் கோப்பில் உள்ள எம்.ஐ.டி. வாசகத்துக்கு இது அப்படியே பொருந்தும். அந்த உரிமம் கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமைக் குறிப்பும் இந்த அனுமதியும் எல்லாப் படிகளிலும், கணிசமான பகுதிகளிலும் இருக்க வேண்டும். அந்த ஒன்றையும் செய்யாவிட்டால் மற்றதை எந்த உரிமையில் பயன்படுத்துகிறோம்?

கானாடுகாத்தான் வழக்கறிஞர் எழுதியது:

அண்ணன் சொன்ன அளவுகோலுக்கு நம் உச்ச நீதிமன்றத்திலும் சான்று உண்டு. ஈஸ்டர்ன் புக் கம்பெனி – மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் வந்த தீர்ப்பு, உழைப்பும் செலவும் மட்டும் பதிப்புரிமையைத் தராது, திறனும் தேர்வும் குறைந்த அளவு படைப்பாற்றலும் வெளிப்பட வேண்டும் என்றது. தீர்ப்புரைகளில் எழுத்துப் பிழை களைவது போன்ற வேலைகளுக்கு அங்கே பதிப்புரிமை கிடைக்கவில்லை. ஒற்றுப் பிழை திருத்துபவர்களுக்கு நன்றிப் பட்டியல் ஒன்று வையுங்கள். அது வேறு கணக்கு.

பள்ளத்தூர் இளையவர் எழுதியது:

பிறருடைய வரிகளை எடுக்கக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்க எனக்குச் சில மிச்சம் இருக்கின்றன. ஜி.பி.எல். அறிவிப்பு மூன்று பத்திகளுக்கு ஒவ்வொரு கோப்பிலும் வருகிறது. அதையாவது, உரிமத்தின் பெயரை ஒரே வரியில் சொல்லும் எஸ்.பி.டி.எக்ஸ். அடையாள வரியாகச் சுருக்கலாமா? லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலிலேயே 2017 முதல் அவ்வாறு செய்துவருகிறார்கள். அந்த ஆண்டுச் சிறுநிரலை என்ன செய்வது? இனி வரும் பங்களிப்புகளுக்கு என்ன விதி?

தேவகோட்டையார் எழுதியது:

சுருக்கலாம், நம்முடைய அறிவிப்பு என்பதால். எஸ்.பி.டி.எக்ஸ். 2021-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டுவிட்டது, கருவிகள் அதை எளிதில் படிக்கும். ஆனால் ஜி.பி.எல். வாசகத்தைத் தம் பெயருடன் சேர்த்து எழுதியவர்களில் தொடர்புக்குக் கிடைப்பவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "மூன்றாம் பதிப்பு மட்டும்" என்று எழுதினார்களா, "அல்லது பிந்தைய பதிப்பு" என்றும் சேர்த்தார்களா என்பதைக் கோப்புக்குக் கோப்பு பார்த்து உரிய அடையாளத்தை இடுங்கள். இந்த இரண்டையும் குழப்பிவிட்டால், சுருக்குவதாக நினைத்து உரிமத்தையே மாற்றியவர்களாகிவிடுவோம். எம்.ஐ.டி. பகுதிக்கு அடையாள வரியைக் கூடுதலாக வையுங்கள். முழு வாசகத்தின் இடத்தில் வைக்காதீர்கள்.

ஆண்டுச் சிறுநிரலை இன்றே நிறுத்திவிடுங்கள். எழுதாத ஆண்டை எழுதியதாகச் சொல்வது எவருக்கும் நன்மை செய்யாது. இயந்திரம் ஏற்றிய ஆண்டுகளைச் சிறுநிரலுக்கு முந்தைய பதிவில் இருந்தபடி திரும்ப வைப்பது மீட்பதே, அழிப்பதன்று.

இனி வருபவர்களுக்கு உரிமை மாற்றப் பத்திரம் வேண்டாம் என்பது என் கருத்து. லினக்சில் தன் நிரல் கலந்திருப்பதாக எஸ்.சி.ஓ. நிறுவனம் வழக்குத் தொடுத்த பிறகு, 2004-இல் லினக்ஸ் கொண்டுவந்த உருவாக்குநர் மூலச் சான்று நமக்குப் போதும். ஒவ்வொரு பதிவிலும் தம் பெயரில் கையொப்ப வரி இடுபவர், இதைக் கொடுக்கத் தமக்கு உரிமை இருக்கிறது என்று சான்றளிக்கிறார். நிறுவனங்களில் வேலை செய்யும் தம்பிகள் அந்த வரியை இடுவதற்கு முன் தம் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடட்டும்.

கோட்டையூரார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலில் சிறுநிரலை நிறுத்தி, ஆண்டுகளை மீட்கிறேன். அடுத்து ஆச்சியின் மேற்பார்வையில் டிஸ்கி பெயர் தனிப் பதிவாக மாறும். நிறுவனத்தின் வரியைத் தொடப் போவதில்லை. எம்.ஐ.டி. பகுதியைத் தனிக் கோப்பாகப் பிரித்து அதன் குறிப்பையும் வாசகத்தையும் அதனுடனேயே அனுப்பிவிடுவேன். முதன்மைக் கோப்பின் தலை அதனாலேயே பாதியாகக் குறையும். "திட்ட ஆசிரியர்கள்" என்ற வரி இனிமேல் புதிதாகத் தொடங்கும் கோப்புகளில் மட்டும், ஆசிரியர் பட்டியல் கோப்பைச் சுட்டியபடி வரும். அந்தப் பட்டியலைப் பள்ளத்தூர் தம்பி பார்த்துக்கொள்வாரா?

பள்ளத்தூர் இளையவர் எழுதியது:

பார்த்துக்கொள்கிறேன், அண்ணே. பட்டியலுக்காகக் களஞ்சியத்தைத் துழாவியபோது நாம் பேசாத இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. எண் அட்டவணைக் கோப்பின் தலையில் எந்தக் குறிப்பும் இல்லை. 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0-இல் தமிழ்ப் பின்னங்களும் பழைய அளவுக் குறிகளுமாக 51 எழுத்துகள் சேர்ந்தபோது, யூனிகோடு கூட்டமைப்பின் தரவுக் கோப்பிலிருந்து அதை இயந்திரம் உருவாக்கியிருக்கிறது. அந்தத் தரவுக்கும் உரிமம் உண்டு. அதன் குறிப்பு தரவுடனோ அதற்கான ஆவணத்திலோ இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லை.

மற்றொன்று, இணையப் பக்கங்களுக்காக நாம் வெளியிடும் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் படி. சுருக்கும் கருவி எல்லாக் குறிப்புரைகளையும் தின்றுவிடுகிறது, எம்.ஐ.டி. வாசகமும் அதில் போய்விட்டது. குறிப்புரையின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி இட்டால் அந்தக் கருவி அதை விட்டுவைக்கும். அவ்வாறு செய்து, சுருக்கிய கோப்பைத் திறந்து வாசகம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டேன், நிற்கிறது. இரண்டுக்கும் ஒட்டுகள் அனுப்பியிருக்கிறேன். எந்த வரியையும் எடுக்கவில்லை, சேர்த்திருக்கிறேன். பழைய சுருக்கிய படியை ஏற்கெனவே தம் தளங்களில் வைத்திருப்பவர்களுக்காக வெளியீட்டுக் குறிப்பில் ஒரு பத்தி எழுத வேண்டும். அதன் வாசகத்தை வழக்கறிஞர் அண்ணன் ஒருமுறை பார்த்துக் கொடுத்தால் அடுத்த வெளியீட்டிலேயே சேர்த்துவிடலாம்.